கொண்டை ஊசி வளைவும் பதினைந்து இன்ச் பெட்டியும்

வண்டிக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற தொழிலில், காது இருக்கிற எல்லோரும் நமக்கு முதலாளிதான். எஞ்சின் மெக்கானிக்கிடம் போய், "பிஸ்டனை இப்படிப் போடு" என்று யாரும் சொல்வதில்லை. எங்களிடம் மட்டும், பக்கத்துக் கடையில் டீ குடிக்க வந்தவர்கூட, "பேஸ் கொஞ்சம் பத்தல" என்று சொல்லிவிட்டுத்தான் கிளாஸைக் கீழே வைப்பார். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. கூட உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள நானும் ஒருவன் இருக்கிறேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆலங்காயம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தேன். இன்று சப் ஊஃபர் என்கிறார்களே, கனத்த அடிச்சத்தம் தருகிற ஸ்பீக்கர், அதை அன்று நாங்கள் பேஸ் பெட்டி என்போம். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த ரஹீம் பாய், ஒரு வேன் வாங்கி, காவலூர் வழியாக மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஆள் ஏற்ற விட்டிருந்தார். அதை ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர் முருகேசன். ஆனால் எங்களுக்கு முன்னால் கிளம்பும் இன்னொருவரின் வேனில் பாட்டு அலறும். சனமெல்லாம் அதில்தான் ஏறியது. மூன்று சந்தை பார்ப்பேன், ஆள் சேராவிட்டால் வண்டியை விற்றுவிடுவேன் என்று பாய் சொல்லிவிட்டார். வண்டி போனால் மாமாவின் வேலையும் போகும். நல்ல பேஸ் பெட்டியாகப் பார்த்துப் போட்டுக் கூட்டத்தை இழுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பாயின் விரல்

கடையில் இரண்டு ஊஃபர்கள் இருந்தன. ஒன்று பதினைந்து இன்ச், இன்னொன்று எட்டு இன்ச். இரண்டிலும் ஒரே தவில் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். தவிலில் குச்சி விழுவது தனியாக, விரல் விழுவது தனியாகக் கேட்டால் அது நல்ல ஊஃபர். என் கணக்கு அவ்வளவுதான். எட்டு இன்ச்சில் ஒவ்வொரு அடியும் பிரிந்து கேட்டது. பதினைந்தில் எல்லாம் சேர்ந்து கூழாக வந்தது. ஆனால் கடைப் பலகை அதிர்ந்தது.

பாய் பாட்டைக் கேட்டதாகவே தெரியவில்லை. ஆட்டுத்தோலைத் தடவிப் பார்ப்பதுபோல ஊஃபரின் அட்டையைத் தடவினார். ஓரத்தை அமுக்கினார், நடுவில் நகத்தால் சுண்டினார். சின்னதற்கு ஓரம் இளக்கமாகவும் நடு விறைப்பாகவும் இருந்தது. நல்ல ஊஃபருக்கு அதுதான் லட்சணம். யாரும் சொல்லித் தராமலே மனிதர் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு பாய் சொன்னார்: "சின்னது நல்ல சரக்கு தம்பி. பெருசு விக்கிற சரக்கு. பெருசயே போட்ருங்க."

முதல் சந்தை

பெரிய பெட்டியைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் வைத்து இறுக்கினேன். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. பாட்டு ஆரம்பித்ததும் முன் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள்கூட இறங்கி வந்தார்கள். எனக்குள் ஒரு குறுகுறுப்பு. இது நல்ல சத்தம் இல்லை என்று தெரிந்தும், சீட்டு நிறைந்தபோது நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். அதை மறைக்கப் போவதில்லை.

மலைமேல் புளியும் சாமையும் பயிர் பண்ணுகிற சின்னக்கண்ணு எங்கள் வாடிக்கைக்காரர். பெட்டிக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பாட்டு எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டேன். "பாட்டு இன்னான்னு காதுல ஏறலபா. வயித்துல நல்லா கேக்குது. ஜோரா கீது!" என்றார்.

அக்கா கேட்டது

அன்று திரும்பி இறங்கும்போது, ஒரு வளைவில் எதிரே வந்த பஸ்ஸின் ஹார்ன் மாமாவுக்குக் கேட்கவில்லை. நல்லவேளை, உரசலோடு போயிற்று. வேனின் பக்கக் கண்ணாடி தூள். யாருக்கும் கீறல்கூட இல்லை. மறுநாள் காலை கண்ணாடி மாட்ட வந்த மாமா, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "மச்சான், மலையில நான் வண்டிய காதாலதான் ஓட்றேன். இஞ்சின் மொனகுனா கியர எறக்கணும். வளைவுக்கு அந்தாண்ட எவன் வர்றான்னு ஹார்ன வச்சிதான் தெரியும். ஒன் பொட்டி ரெண்டையும் முழுங்கிடுச்சு" என்றார்.

அவர் சொன்னது சரி. பெரிய பெட்டியின் உறுமலும் எஞ்சினின் உறுமலும் ஒரே கனம். இரண்டும் கலந்துவிட்டால் எது எதென்று பிரிக்க முடியாது. ஆனால் பெட்டியை எடுத்தால் கூட்டம் போகும், கூட்டம் போனால் வேலை போகும். அக்காவிடம் இதையெல்லாம் விளக்கினேன். இடுப்பில் கை வைத்துக் கடைசிவரை கேட்டாள். "ஒனக்கு ஒன் பொட்டி முக்கியமா, எம் புருஷன் முக்கியமாடா?"

இரண்டாம் சந்தை

பெரியதைக் கழற்றி வைத்தேன். எட்டு இன்ச்சுக்கு ஜோடியாக இன்னொன்று வாங்கி வந்து, இரண்டையும் மாட்டினேன். ஒன்றே நன்றாகப் பாடும்போது இரண்டு மாட்டினால் கேட்க வேண்டுமா! அவசரத்தில் வண்டியில் போட்டுப் பார்க்காமலே அனுப்பினேன். ஸ்டாண்டில் பாட்டுப் போட்டால், பேஸ் என்பதே இல்லை. தகர டப்பாவைத் தட்டியதுபோல இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் முன் வேனுக்கே திரும்பிப் போனார்கள். மாமா காலிச் சீட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சின்னக்கண்ணு மட்டும் சீட்டை விட்டு எழாமல், இரண்டு பெட்டியிலும் மாறி மாறிக் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றின் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கியதும் பேஸ் வந்தது! திரும்பச் செருகினேன், போயிற்று. அப்போதுதான் உறைத்தது: ஒரு பெட்டிக்கு பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்திருக்கிறது. பத்து வருஷம் ரேடியோ பிரித்தவன் செய்கிற தப்பா இது? அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு மாட்ட ஆளுக்கொரு பக்கமா பாத்து பூட்டுனா, ஏரு எங்கபா போவும்?" என்றார்.

தலையணை

ஒயரைச் சரி செய்த பிறகும் பேஸ் கொஞ்சம் கொழகொழவென்றுதான் வந்தது. பெட்டிகளில் காற்றுப் போக ஓட்டை வைத்திருந்தேன். சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்ற ஆசைதான். மலைக்கு அது ஆகாது. ஓட்டைகளை அடைத்து உள்ளே பஞ்சு திணித்தால் அடி சட்டென்று விழுந்து, சட்டென்று நிற்கும். சத்தம் குறையும், தெளிவு கூடும். கூட்டம் எதை விரும்பும் என்று தெரியாது. ஆனாலும் அக்கா கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

பஞ்சுக்கு எங்கே போவது என்று யோசிப்பதற்குள் அக்காவே வீட்டுக்குள் போய் ஒரு தலையணையைக் கிழித்து, இலவம்பஞ்சைக் கூடையில் கொண்டுவந்து வைத்தாள். மாமா வேனை ஊர் எல்லைவரை ஓட்டிப் போய்த் திரும்பினார். பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "எந் தலகாணி போனா போவுது. இஞ்சின் சத்தம் திரும்பி வந்துச்சு."

மூன்றாம் சந்தை

கடைசிச் சந்தைக்கு, தலை எண்ணிப் பார்க்க பாயே வந்துவிட்டார். மாமாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். முன் வேன் வழக்கம்போல நிறைந்து கிளம்பியது. எங்கள் வேனில் நான்கு சீட்டு காலி. பாய் திரும்பித் திரும்பி அதையே பார்த்தார். மலை ஏறத் தொடங்கியதும், "இன்னா தம்பி, சத்தமே பத்தலியே? நல்லா வைங்க" என்றார். முழுக்கத் திருகினேன். தவில் அடி அடியாகப் பிரிந்து, அவ்வளவு சுத்தமாகப் பாடியது. இனி இதைக் கேட்க வண்டியே இருக்காதே!

ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மாமா ஹார்ன் அடித்தார். பாட்டுக்கு நடுவே, மேலேயிருந்து மெல்லிசாக ஒரு பதில் ஹார்ன். எனக்குக் கேட்டது, பாய்க்கும் கேட்டது. மாமா வண்டியை மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். அடுத்த கணம் பஸ் ஒன்று சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வளைவில் திரும்பி, எங்களைத் தாண்டி இறங்கியது. பாய் மறுபக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு சின்னக் கல்லுக்கு அப்புறம் பள்ளம்தான். குல்லாவைச் சரி செய்துகொண்டு, பின்னால் திரும்பிக் காலிச் சீட்டுகளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மாமாவிடம் சொன்னார்: "நாலு சீட்டு காலியா போனா போவுதுபா முருகேசா, வண்டிய ஓட்டு. உள்ள நானும்ல ஒக்காந்துனு கீறேன்!"

ஆகவே தொழில் நண்பர்களே, நல்ல பேஸ் பெட்டியைத் தேர்ந்தெடுக்க நானறிந்த ஒரே வழி, பெரியதாகக் கேட்கிற முதலாளியை அதே வண்டியில் ஏற்றி மலைக்குக் கூட்டிப்போவதுதான்.