கதவைக் கழற்றிய கணக்கு மேடம்

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெண் பேருந்து ஏறியது ஒரு புதன்கிழமை காலை. கணக்கு மேடம் கல்லூரி மாடி ஜன்னலோரம் நின்று, வழக்கம்போல் ஆற்றாமல் வாய் சுடச் சுடத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நம்ம முதல் வருஷப் பெண்ணாயிற்றே, ஊருக்குப் போகிறாள்போல என்று நினைத்தார். அடுத்த வாய் உறிஞ்சுவதற்குள் உறைத்தது. புதன்கிழமையில் விடுதிப் பிள்ளைகள் யாரும் ஊருக்குப் போவதில்லை. அப்படியே போனாலும் துணிப்பையைத்தான் எடுத்துப் போவார்கள். தலையணையை எடுத்துக்கொண்டு போகிறவள் திரும்பி வரமாட்டாள். டம்ளரை ஜன்னல் கட்டையிலேயே விட்டுவிட்டு அவர் படியிறங்கி வாசலுக்கு ஓடி வந்தபோது பேருந்து தெருமுனை தாண்டிவிட்டது.

"அநியாயத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்றார் வாசல் காவலாளியிடம், மூச்சு வாங்க.

"அந்த பஸ் டிரைவர் எப்பவும் இப்படித்தான் மேடம். ஆள் வர்றது தெரிஞ்சாலும் நிறுத்த மாட்டான்" என்றார் காவலாளி.

அநியாயத்துக்கு அளவு கேட்கும் அந்த வாக்கியம் கணக்கு மேடத்தின் நாக்கிலேயே குடியிருப்பது. சாக்பீஸ் உடைந்தாலும் அதுதான், தேர்வு அட்டவணையை முந்தின நாள் மாற்றினாலும் அதுதான். ஆள் குள்ளம். நடையில் எப்போதும் ஒரு அவசரம். கொண்டையில் பேனாவைச் செருகிவிட்டு, மேஜை முழுக்க அதைத் தேடுவார். வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்டு யாரும் கேட்டதில்லை. கேட்டால் அத்தனை தலையும் ஆடும் என்பது அவருக்குத் தெரியும். "எந்த இடத்துல கை நழுவுச்சு?" என்று கேட்பார். பதில் வரும்வரை கரும்பலகையில் சாய்ந்து நிற்பார். அதனால் அவருடைய எல்லாப் புடவைகளின் முதுகிலும் பாதிப் பாதியாகச் சமன்பாடுகள் ஒட்டியிருக்கும்.

அன்று மதியமே விடுதிக்குப் போய், போனவளின் அறைத்தோழியைப் பிடித்தார்.

"ஏம்மா, கணக்கு வரலைன்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல? மாணவர்களைச் சந்திக்கும் நேரம் மூணு முதல் நாலுன்னு கதவுல ஒட்டியே வச்சிருக்கேனே?"

அவள் தரையைப் பார்த்தாள். "வந்தா மேடம்."

"எப்போ வந்தா? நான் உள்ளதானே இருந்தேன்?"

"ஒரு வாரமா தினமும் வந்தா. வெளியில நின்னா. நீங்க கூப்பிடுவீங்கன்னு பாத்தா. நாலு அடிச்சதும் திரும்பிடுவா."

"தட்டியிருக்கலாமேம்மா!"

"வாத்தியார் ரூம் கதவை நாமளா போய் எப்படி மேடம் தட்டறது? எங்க ஸ்கூல்ல அப்படித் தட்டினா தோலை உரிச்சிடுவாங்க. கூப்பிட்டாத்தான் போகணும்."

கணக்கு மேடம் விடுதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அவர் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்து அறை ஆசிரியையிடம், "ஒருத்தராவது வந்து எட்டிப் பாக்குதுங்களா பாருங்க! அக்கறையே கிடையாது" என்று அலுத்துக்கொண்டது வேறு. இரண்டு விரல் கனப் பலகை. அந்தப் பக்கம் ஒருத்தி நிற்கிறாள், இந்தப் பக்கம் ஒருத்தி திட்டுகிறாள்.

அது மட்டுமென்றால்கூட அந்தப் பெண் தாங்கியிருப்பாள். செவ்வாய்க்கிழமை துறைத்தலைவரின் வகுப்பு. முதல் தேர்வின் மதிப்பெண்ணை உரக்க வாசித்து, தேறாதவர்களை மணியடிக்கும்வரை நிற்கவைப்பது அவர் வழக்கம். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். கதவுக்கு வெளியே நின்றவளை வகுப்பிலும் நிற்கவைத்தார்கள். உட்காரம்மா என்று சொல்ல அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஒரு வாய் இல்லை.

இத்தனைக்கும் அந்த ஆண்டின் வரவேற்பு விழாவில் பலூன் என்ன, பன்னீர் என்ன! கல்லூரி முதல்வர் மேடையேறி, "உங்களுக்கு எந்தச் சந்தேகம் என்றாலும் தயங்காதீர்கள், எங்கள் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெற்றோர்கள் கண் கலங்கினார்கள். மறுநாளிலிருந்து எல்லாக் கதவும் சாத்தியே கிடந்தது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூட ஆளில்லை. அதை எந்தப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது?

வியாழக்கிழமை கணக்கு மேடம் தச்சரை அழைத்துவந்தார்.

"கதவு இறுக்கமா இருக்கா மேடம்? இழைச்சு விடட்டுமா?"

"கழட்டுங்க."

"கழட்டிட்டு வேற மாட்டணுமா?"

"வேற ஒண்ணும் வேணாம். கழட்டுங்க."

தச்சர் உளியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமாக் கதவு மாட்டத்தான் கூப்பிட்டிருக்காங்க. கழட்டக் கூப்பிட்ட மகராசி நீங்கதான்." கீல்களைப் பிடுங்கி, பலகையைக் கொண்டுபோய்ச் சாமான் அறையில் சாய்த்துவிட்டுப் போனார். செய்தி கணக்கு மேடத்துக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "அம்மா, நம்ம வீட்டுக் குளியலறைக் கதவையாவது விட்டு வை" என்றாள் மகள்.

அறைத்தோழியிடம் கைப்பேசி எண்ணை வாங்கி, போனவளுக்கு அன்றே செய்தி அனுப்பினார்: "நீ வெளியில நின்னது எனக்குத் தெரியாதும்மா. இப்போ கதவே இல்ல. வா." பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் முதல் வாரம் அவர் கணக்கே நடத்துவதில்லை. புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளையும் கதவில்லாத அந்த அறைக்குள் தானாக நடந்து வந்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போக வேண்டும். எந்தக் கேள்வியானாலும் சரி. முதல் இரண்டு நாள் வாசல்படியோடு நின்றுவிடுவார்கள். இவர் கூப்பிடமாட்டார். நாற்காலியை மட்டும் காலால் அவர்கள் பக்கமாகத் தள்ளிவிடுவார். மூன்றாம் நாள் மெல்ல வாய் திறக்கும். "மேடம், இன்டர்னல்னா என்ன?" "லைப்ரரில புத்தகத்தை நாமளே தொடலாமா?" நெடுநெடுவென்று வளர்ந்த ஒருவன் காதுமடல் சிவக்கக் கேட்டான்: "நடுவுல கிளாஸ் இல்லன்னா அந்த ஒரு மணி நேரம் எங்க மேடம் உக்காரணும்?" அதுவரை அவன் கழிப்பறையில் போய் நின்றுகொண்டிருந்தானாம்.

துறைத்தலைவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "இது காலேஜா, சத்திரமா மேடம்? முதல் வருஷம்ங்கறது வடிகட்டி. தேறாதது நிக்கட்டும். அப்பத்தான் தரம் இருக்கும்" என்றார் ஆசிரியர் கூட்டத்தில், எல்லோரும் கேட்க.

"டீ வடிகட்டினா எது சார் வடிகட்டியில நிக்கும்?"

"தூள்."

"உங்க கையில இருக்கிற டீக்கு நிறம் குடுத்தது எது?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரிப்பை டம்ளருக்குள் மறைத்தார்கள். துறைத்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. மறக்கவும் இல்லை.

இந்த ஆண்டு கல்லூரியின் தரத்தைப் பார்வையிட வெளியாட்கள் வருவதாக இருந்தது. சுவருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு, செடிக்கெல்லாம் புதுத் தொட்டி. கதவில்லாத அறை கண்ணை உறுத்துகிறது என்று துறைத்தலைவர் முதல்வரிடம் போய் நின்றார். கணக்கு மேடம் வகுப்பிலிருந்து திரும்பி வந்தபோது அறைக்குக் கதவு முளைத்திருந்தது. வார்னிஷ் வாடை அடங்காத புதுக்கதவு. பித்தளைக் கைப்பிடி, கதவைத் தானாகவே மூடவைக்கும் சுருள்கம்பி. நடுவில் பளபளவென்று ஒரு பலகை: "மாணவர் நலன் மற்றும் ஆலோசனை மையம். முன் அனுமதி பெற்று வரவும்."

அதைக் கழற்றச் சொல்லி அவர் போகாத இடமில்லை. முதல்வர், "பேரே வச்சுக் குடுத்திருக்கோமே மேடம், இன்னும் என்ன?" என்றார்.

"பேரு எதுக்கு சார்? பிள்ளைங்க உள்ள வரணும்."

"வரட்டுமே. அனுமதி வாங்கிட்டு வரட்டும்."

"அனுமதி வாங்கறதுக்கே அதுங்களுக்கு வாய் வராதுன்னுதானே சார் இவ்வளவும்!"

"கதவைத் தொட்டீங்கன்னா நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். அப்புறம் முதல் வருஷ வகுப்பே உங்களுக்கு இருக்காது."

முதல் வருஷ வகுப்பு இல்லையென்றால் அடுத்த தலையணையைப் பார்க்கக்கூட ஆளிருக்காது. கணக்கு மேடம் தச்சரை அழைக்க எடுத்த கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டார். அறைக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் தானே சாத்திக்கொண்டது. "அநியாயத்துக்கு…" என்று ஆரம்பித்தவர், மீதியைச் சொல்லவில்லை.

அப்படியே இரண்டு வாரம் போயிற்று. ஒருவரும் வரவில்லை. இடையிடையே எழுந்து கதவைத் திறந்து பார்ப்பார், விட்டதும் அது மூடிக்கொள்ளும். பார்வையிட வந்தவர்கள் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, "அருமையான ஏற்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

புதிய பிள்ளைகள் சேர்ந்துகொண்டிருந்த ஒரு மதியம் கைப்பேசி அதிர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் அவர் அனுப்பிய, பதில் வராத அந்த ஒற்றைச் செய்திக்குக் கீழே, முதல்முறையாக எழுத்துகள் வந்து விழுந்தன.

"மேடம், நல்லா இருக்கீங்களா? நான் ஒரு மருந்துக்கடையில வேலை செய்யறேன். அன்னைக்கு நீங்க அனுப்பினதைப் பாத்தேன். பதில் போட வெக்கமா இருந்துச்சு. என் தங்கச்சிக்கு உங்க காலேஜ்லயே இடம் கெடைச்சிருக்கு. திங்கக்கிழமை வர்றா. உங்க ரூமுக்குக் கதவு இல்ல, நேரா உள்ள போன்னு சொல்லித்தான் அனுப்பறேன். ஆனா அவளும் என்னை மாதிரியே வாயில்லாப்பூச்சி மேடம். வெளியிலயே நின்னாலும் நிப்பா. கொஞ்சம் எட்டிப் பாத்துக்கோங்க."

கணக்கு மேடம் இரண்டு முறை படித்தார். கொண்டையிலிருந்த பேனாவை இந்த முறை தேடாமலே எடுத்து, திருத்த வேண்டிய தாள்களின் மேல் வைத்தார். எழுந்து, மேஜையின் ஒரு முனையைப் பிடித்துத் தரை கீச்சிட இழுத்துக்கொண்டு போய், கதவை முதுகால் தள்ளித் திறந்து, நடைவழியில் போட்டார். திரும்பி வந்து தன் நாற்காலியைத் தூக்கிப்போனார். பிறகு இன்னொரு நாற்காலியை. பின்னால் கதவு தானாகவே சாத்திக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் நாற்காலியைக் காலால் சற்று முன்னே தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.