பேனா வழுக்கிய அட்டை

எங்கள் அப்பா கையில் கிடைத்த எந்தத் தாளையும் சும்மா விடமாட்டார். ஃபேரர் பார்க் பக்கம் அவர் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு லேமினேட் இயந்திரம் இருந்தது. அம்மாவின் மதிப்பெண் பட்டியல், மின்விசிறியின் உத்தரவாதச் சீட்டு, நான் கிறுக்கிய யானை என்று எல்லாம் அதற்குள் போய்ப் பளபளவென்று வெளியே வரும். என் தடுப்பூசி அட்டையும் அப்படித்தான் வந்தது. நான் தமிழ்நாட்டில் பிறந்து, மூன்று வயதில் சிங்கப்பூர் வந்தபோது கூடவே கொண்டுவந்த அட்டை. வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்து நீட்டி, "ஒண்ணு விடல, பாருங்க" என்பார். வந்தவர்கள் பாவம், காப்பியும் கையுமாகத் தலையாட்டுவார்கள்.

அப்பா இடது காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். ஏன் என்று கேட்டால் ஒரு நாள் தென்னை மரத்திலிருந்து விழுந்தேன் என்பார், இன்னொரு நாள் மாடு முட்டியது என்பார். எனக்கு மாட்டுக் கதைதான் பிடிக்கும்.

தெம்பனிஸ் பள்ளியில் தொடக்கநிலை ஐந்து படித்தபோது தடுப்பூசி போடத் தாதியர் வந்தார்கள். நான் வாயில் சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு, கையை நீட்டி ஊசியும் போட்டுக்கொண்டேன். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. பிறகு பெருமையாக அட்டையை எடுத்துக் கொடுத்தேன். தாதி எழுதப் பார்த்தார், பேனா வழுக்கியது. அடியில் காலி வரிகள் இருந்தும் பயனில்லை, அப்பா அவற்றையும் சேர்த்து மூடியிருந்தார். தாதி சிரித்துவிட்டார். பிரித்துக்கொண்டு நாளைக்கு வா, நாளையும் இங்கேதான் இருப்போம் என்றார். எனக்கோ வேறு கவலை. எழுதாவிட்டால் கணக்கில் சேராமல், மறுபடியும் குத்திவிடுவார்களோ?

சாயங்காலம் அப்பா வந்ததும், "நான் அழவே இல்லப்பா" என்று ஆரம்பித்தேன்.

"சொட்டு மருந்து குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஊசிக்குத்தான் எல்லாரும் பயந்தாங்க, நான்..."

"முழுங்கினியா? துப்பலையே?"

மூன்று முறை கேட்டார். என் வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. அட்டையை மேசையில் போட்டு, தாதி சொன்னதைச் சொன்னேன்.

அப்பா முகம் சுருங்கிவிட்டது. அம்மா, "அன்னிக்கே வேணாம்னேன். பழைய தாள், பிரிச்சா கிழிஞ்சிடும்லா" என்றார். அப்பா பிளேடை எடுத்தார். காலி வரிகளைச் சுற்றி மட்டும் கீறி, நகத்தால் மெல்ல நெம்பினார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. தாளின் மேல்பரப்பு கொஞ்சம் உரிந்து வந்தது. பழைய எழுத்தில் ஒன்றுகூடப் போகவில்லை.

மறுநாள் தாதி அந்தச் சொரசொரப்பில் இரண்டு வரி எழுதினார். மை கசிந்தது. அப்பா அதை விளக்கடியில் பிடித்து வெகுநேரம் படித்தார். திரும்ப லேமினேட் செய்யவில்லையா என்று கேட்டேன். "வேணாம்மா. புதுசு புதுசா மருந்து வரும். எழுத எடம் இருக்கட்டும்."

போன வருடம் என் மகளுக்கு ஊசி போடப் போனபோது அப்பாவும் கூட வந்தார். அட்டவணை மாறிவிட்டது. பதிவெல்லாம் கைப்பேசியில் வந்துவிடுகிறது. எங்களுக்குக் கிடைத்தவர் தமிழ்த் தாதி. "இப்போ சொட்டு மருந்து இல்லீங்க ஐயா, ஊசிதான்" என்றார். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்போ போலியோவுக்கு?"

"அதுவும் இந்த ஊசிலயே இருக்குங்க."

"நிச்சயமா இருக்குதா?"

மூன்று முறை கேட்டார். தாதி பொறுமையாக மூன்று முறையும் இருக்கிறது என்றார். குழந்தை வீறிட்டு அழுதது. அப்பா அதன் இடது காலைக் கைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தார், விருந்தாளிகளிடம் அட்டையை நீட்டும்போது சிரிக்கும் அதே சிரிப்பு.

எந்த மாடும் அவரை முட்டியிருக்கவில்லை.