இடது சீட்டில் நான் இல்லை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இதே காரைப் பற்றி நான் சொல்லும் இரண்டாவது சாட்சி இது. முதல் சாட்சியை நம் தாராவி சபையில் கேட்டுக் கண் கலங்கியவர்கள் உண்டு. அதில் பாதிதான் வெளியே வந்தது. மீதியையும் எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பழைய ஹில்மன் கார். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு மாட்டியிருந்தேனே தவிர, ஸ்கூல் என்பது அந்தக் கார்தான். கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கில் இருப்பார். நான் இடது சீட்டில் இருப்பேன். கார் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

அறுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலம். ஒரு வியாழக்கிழமை காலை பாலையாவுக்குப் பாடம். அவர் தாராவியில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு விரலெல்லாம் புண். லைசென்ஸ் எடுத்துவிட்டால் செம்பூரில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சயான் போகிற வழியில் ஒரு மரக்கடை ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு நான் இறங்கி எதிர்ப்பக்கம் போனேன். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. மரக்கடைச் சந்துக்குள்ளிருந்து பின்பக்கமாகவே வந்த லாரி ஒன்று என் காரின் இடது கதவில் மோதியது. லாரிக்காரன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வளைத்துத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டான். மழையில் நம்பரை நானும் பார்க்கவில்லை, பாலையாவும் பார்க்கவில்லை.

கதவு உள்ளே குழிந்து, கண்ணாடி நொறுங்கி, மட்கார்ட் வளைந்து டயரைத் தொட்டது. பாலையாவுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் ஸ்டீயரிங்கில் இருந்தது தெரிந்தால் தன் லேர்னர் லைசென்ஸ் போய்விடும் என்று நடுங்கினார். “அண்ணாச்சி, நீங்க பக்கத்துல இருந்ததாவே இருக்கட்டும்” என்றார். அது எனக்கும் வசதியாகப் போயிற்று. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மனைவி எஸ்தர் மெட்ரிக் வரை படித்தவள். இன்ஷூரன்ஸ் பாரத்தை அவள்தான் இங்கிலீஷில் எழுதினாள். வண்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது, நான் இடது சீட்டில் இருந்தேன் என்று சொல்லச் சொல்ல எழுதினாள். எழுதி முடித்ததும் அடி பட்டிருக்கிறதா என்று என் தோளைத் தடவிப் பார்த்தாள். நானும் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்தார், வயதான பார்ஸிக்காரர். காயல்பட்டினத்துக்காரரான காதர் பாயின் ஒர்க்‌ஷாப்பில் கார் நின்றது. சர்வேயர் கதவை வெகுநேரம் தடவிப் பார்த்தார். இந்தச் சீட்டிலா இருந்தாய், உனக்கு ஒன்றுமே ஆகவில்லையா என்று கேட்டார். “யேசு கி கிருபா, ஸாப்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கிளைம் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுதும் கார் ஓடவில்லை. கற்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஸ்கூலுக்குப் போனார்கள். ஆண்டவரே, கிளைமைத் தாரும், அந்த லாரிக்காரனைக் காட்டிக்கொடும் என்று முழங்காலில் நின்றேன். வேதத்தில் சொன்னபடி வானம் இரும்பாக இருந்தது, என் ஜெபம் ஏறவில்லை. சனிக்கிழமை காதர் பாய் என் சீட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பேப்பரில் பொதிந்து காட்டினார். ஒவ்வொன்றும் கத்தி மாதிரி. நான் அங்கே இருந்திருந்தால் அத்தனையும் என் விலாவில் ஏறியிருக்கும்.

அந்த நடுக்கத்தோடுதான் மறுநாள் சபையில் எழுந்து நின்றேன். டீ குடிக்க என்னை இறங்கச் செய்து கர்த்தர் என் உயிரைக் காத்தார் என்று அழுதேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். பெண்கள் பக்கத்துப் பாயில் எஸ்தர் இருக்கிறாள் என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கேட்டாள். “சபையில சொன்னது நெசமா, என்னை எழுதச் சொன்னது நெசமா?”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். பொய் சொன்னதோடு நிற்காமல், அந்தப் பொய்க்கு ஆண்டவர் நாமத்தையல்லவா சாட்சியாக இழுத்துவிட்டேன். இன்ஷூரன்ஸுக்கு வேறு கடிதம் எழுதித் தா என்று கெஞ்சினேன். “வாயாலதான அந்தச் சர்வேயருகிட்ட சொன்னிய? வாயாலயே போய்ச் சொல்லுங்க” என்றாள்.

ஆனால் நான் சொன்னால் போவது பாலையாவின் பிழைப்பும் அல்லவா? திங்கட்கிழமை தோல் ஷாப் வாசலில் அவரைப் பார்த்துக் கேட்டேன். தன் விரல்களை விரித்துப் பார்த்தார். “புண்ணு எனக்குப் பழகிட்டு அண்ணாச்சி. போய்ச் சொல்லுங்க” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பார்ஸிக்காரரின் ஆபீஸ் இருந்த கோட்டைப் பகுதிக்கு ரயில் ஏறினேன். அன்றுதான் முதல் தடவையாகக் காரைக் கேட்காமல் ஜெபித்தேன். ஆண்டவரே, அங்கே என் வாய் அடைத்துப்போகாதிருக்கட்டும், அது போதும் என்றேன்.

ஆண்டவர் அதைக் கேட்டார். என் ஓட்டை ஹிந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். பார்ஸிக்காரர் கோபிக்கவில்லை. ஃபைலிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். கிளைம் இல்லை என்று டைப் அடித்து, கையெழுத்து மட்டும் பாக்கி. ஓடுகிற வண்டியில் இடித்திருந்தால் கோடு இழுத்திருக்கும், உன் கதவில் இருப்பது ஒரே குழி, நின்ற வண்டி என்று அன்றைக்கே தெரியும் என்றார். என்ஜின் அணைந்து ஓரத்தில் நின்ற வண்டிக்கு லேர்னர் என்ன, லைசென்ஸ் என்ன, இதை முதலிலேயே எழுதியிருந்தால் உனக்கும் ஆபத்தில்லை, அவனுக்கும் ஆபத்தில்லை என்றார். அவரே புது வாக்குமூலம் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பழைய காருக்குத் தேய்மானம் கழித்ததுபோகத்தான் பணம் கிடைக்கும் என்றும் சொன்னார்.

கடைசியில், எதற்காக இறங்கினாய் என்று கேட்டார். இதுதான் அந்த மீதி, சகோதரரே. டீ இல்லை, பீடி. போன வருஷம் இதே சபையில் பீடியை விட்டதாகச் சாட்சி சொன்னவன் நான். இறங்கினேன் என்றால் ஏன் என்று எஸ்தர் கேட்பாளே, அதற்குப் பயந்துதான் பாலையாவின் பயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பார்ஸிக்காரருக்குச் சொன்னேன், பிறகு எஸ்தருக்கு, இப்போது உங்களுக்கு. அதற்குப் பிறகு பீடியை நான் தொடவில்லை.

புதுக் கதவுக்கு வழியில்லாததால் காதர் பாய் ஒரு பழைய கதவைத் தேடி மாட்டினார். கறுப்புக் காருக்குப் பச்சைக் கதவு. பெயிண்ட் அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்றேன். தினமும் அதைத் திறந்துதான் உட்காருகிறேன். பாடம் முடியும்வரை இறங்குவதில்லை. பாலையா செம்பூரில் வேன் ஓட்டுகிறார். விரல்கள் ஆறிவிட்டன.

உங்களில் யாருக்காவது வானம் இரும்பாகத் தெரிந்தால், வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை ஆண்டவரிடம் சொல்லிப் பாருங்கள். எனக்குக் கதவு திறந்தது அப்போதுதான். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.