அக்காவின் கைக்கு ஒரு மவுஸ்

அந்த மவுஸைப் பார்த்தால் யாரும் மவுஸ் என்று சொல்லமாட்டார்கள். பிசைந்து பாதியில் விட்ட கொழுக்கட்டை மாவு மாதிரி இருக்கும். வால் மட்டும் ஒழுங்காக இருக்கும். செய்தவர் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர். ஆரம்பாக்கத்தில் டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் சாமான் எதையும் அவர் அதுவரை தொட்டதில்லை. இன்று திருவள்ளூரில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க மவுஸும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். என் கைக்கு அது எவ்வளவு சுளுவாக அடங்குகிறது என்று நினைத்தால் சில நாள் எரிச்சல்தான் வருகிறது.

அக்காவுக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தகரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் வேலை. பக்கத்துக் கம்பெனியில் எனக்குப் பேக்கிங். ஒருநாள் மெஷினில் அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்குமேல் போயின. காயம் ஆறியதும் ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் வேலை தந்தார்கள். பழகாவிட்டால் கணக்கை முடித்து அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார்கள். மவுஸை அழுத்த வேண்டியதே அந்த இரண்டு விரல்களால்தான். இதைக்கூட யோசிக்காமல் கருணை காட்டிய மகராசர்கள். இடது கையால் முயன்றாள். அம்புக்குறி அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மாமா ஒரு பழைய மவுஸை வாங்கிவந்து சமையலறையில் வைத்துப் பிரித்தார். அழுத்தும் சுவிட்சுகளைக் கழற்றி, ஒயர் வைத்து நீட்டி, ஒன்றைக் கட்டைவிரல் பக்கமும் இன்னொன்றைச் சுண்டுவிரல் பக்கமும் கொண்டுபோனார். குழாய் ஒழுகினால் அடைப்பார்களே, பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் பசை, அதை மேலே அப்பி, அக்காவின் கையில் தேங்காயெண்ணெய் தடவி அதன்மேல் அழுத்தச் சொன்னார். அவள் விறைப்பாக அழுத்தினாள். இறுகியபின் பிடித்துப் பார்த்தால் மணிக்கட்டு கடுத்தது.

"எங்கிட்ட இன்னாத்துக்கும்மே கைய மறைக்கிற? லூசா வுடு" என்றார் மாமா.

அக்கா அழுதுவிட்டாள். விபத்துக்குப் பிறகு அந்தக் கை எப்போதும் முந்தானைக்குள்தான். அவரிடம்கூடச் சரியாகக் காட்டியதில்லை. மறுபடி பசை பிசைந்து வைத்தபோது கை தளர்ந்து படிந்தது. குட்டை விரல்கள் இரண்டும் பதிந்த இடத்தில் சின்னதாக இரண்டு குழிகள் விழுந்தன.

பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து எந்தச் சாமான் கொண்டுபோனாலும் கேட்டில் காட்டிப் பதிய வேண்டும். பதியாத சாமான் வெளியே வந்தால் திருட்டு. மவுஸைக் காட்டினால் கையையும் காட்ட வேண்டிவருமே என்று, அக்கா அதைச் சாப்பாட்டுப் பையில் சுற்றி எடுத்துப்போய்விட்டாள். வேலை நன்றாகவே நடந்தது. சில மாதம் கழித்து ஒரு சுவிட்ச் சிக்கிக்கொள்ள, மாமாவிடம் கொடுக்க அதைப் பையில் வைத்து வீட்டுக்குப் புறப்பட்டாள். ஷிப்ட் விடும் நேரம். நான் கேட்டுக்கு வெளியே அவளுக்காகக் காத்திருந்தேன்.

"இன்னாமா இது? கம்பெனி மவுஸு மேல எதையோ அப்பிக்கினு ஊட்டுக்கு எடுத்துக்கினு போற?" என்று பையைச் சோதித்த செக்யூரிட்டி அதை மேசைமேல் எடுத்துவைத்துக் கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரர் செஞ்சது சார்."

"உள்ள வரும்போது எழுதுனியா? எழுதல இல்ல? அப்போ கம்பெனிதுதான்."

மேலதிகாரி ஒருவர் வந்தார். திருட்டென்றால் வேலை போகும் என்றார். பின்னால் வரிசை நின்றது. ஆண்களும் பெண்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அக்கா முந்தானையை விலக்கிக் கையை எடுத்து, மேசைமேல் இருந்த மவுஸின்மேல் வைத்தாள். குட்டை விரல்கள் குழிகளில் போய் உட்கார்ந்தன.

"வேற யார் கையாச்சும் இதுல ஒக்காருதா, வெச்சுப் பாருங்க சார்" என்றாள். "என் ரெண்டு விரலு உள்ளதான் போச்சு. அத எந்த கேட்டுல சார் எழுதுனீங்க?"

"போம்மா, போ" என்றார் அதிகாரி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ரயிலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கறுத்துட்டக்கா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கை மறுபடி முந்தானைக்குள் போயிருந்தது.

"எல்லாரும் பாத்துட்டாங்கடி" என்றாள்.