இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

போன வருஷம் ஐப்பசி மாதம் என் மகள் பவித்ரா மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பதினொரு வயது. உடம்பு கொதிக்கும், அடுத்த நிமிஷமே குளிரில் பல் கிட்டும். இடுப்பு வலிக்கிறது என்று சுருண்டுகொள்வாள். சிறுநீரில் கிருமி சேர்ந்து கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அந்த நோய்க்குக் கிருமி பாதிக் காரணம். மீதிப் பாதி நான். இருளாயி அம்மனைக் கும்பிடும் உங்கள் எல்லோருக்கும் அதைச் சொல்வதாக அம்மனிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டிச்செல்வி. திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறோம். வீட்டுக்காரர் வாடகைக்கு டிராக்டரும் ஓட்டுகிறார். அவர் தம்பிக்குப் பாளையம்பட்டியில் சிமெண்டுக் கடை. தம்பி மனைவி ராஜி என் ஓரகத்தி. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். கொஞ்சம் தள்ளிக் கட்டியிருந்தால் நான் செய்த பாவத்தில் பாதி குறைந்திருக்கும்.

ராஜிக்கும் ஒரே மகள், ஹர்ஷிதா. பவித்ரா வயதுதான். அவளை அருப்புக்கோட்டை தாண்டி இருக்கும் பெரிய தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காலையில் ஏசி பஸ் தெருமுனைக்கே வரும். பிள்ளை கோட்டு, டை, மினுக்கும் ஷூ என்று ஏறிப் போவாள். நம் ஊர் வெயிலுக்குக் கோட்டு ஒரு கேடா என்று தெருவே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் வீட்டுக்குள் போய் அழுதேன்.

என் மகள் ஊர் நடுநிலைப் பள்ளியில் நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தாள். "இவ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டத் தண்ணி வத்திப்போகுது" என்று அவளுடைய டீச்சர் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை எனக்குப் போதவில்லை. கொடியில் காயும் ஹர்ஷிதாவின் கோட்டைப் பார்த்தாலே வயிறு எரியும். ஒருநாள் ராஜி நல்ல மனதோடு, "அக்கா, ஹர்ஷியோட பழைய புக்கெல்லாம் இருக்கு, பவிக்குத் தாரேன்" என்றாள். "எம் பிள்ளைக்கு யாரு கழிச்சதும் வேண்டாம்" என்று மூஞ்சியில் அடித்தது போல் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விளக்குப் போடும்போது எனக்கு இரண்டு வேண்டுதல். என் மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டும். ஹர்ஷிதாவுக்கு மார்க்குக் குறைய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு எதிராகச் சாமி கும்பிட்டவள் நான்.

பவித்ரா ஆறாம் வகுப்புக்கு வந்தபோது பேச்சை எடுத்தேன். வீட்டுக்காரர் தயங்கினார். "பூக்கட்டிப் பாப்போம். ஆத்தா சொன்னா சேப்போம்" என்றார். வைகாசியில் கோவிலுக்குப் போனோம். சேர்க்கலாம் என்றால் செவ்வரளி, வேண்டாம் என்றால் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, ஒரே மாதிரி கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது நம் வழக்கம். எடுத்த பொட்டலத்தைப் பிரிப்போம். எடுக்காததைப் பிரிக்காமல் கண்மாயில் விட்டுவிடுவோம். அந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று. "பொட்டலத்த நானே கட்டுறேன்" என்று இலையை வாங்கிக்கொண்டு போய், இரண்டிலும் செவ்வரளியை வைத்தேன்.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, "உத்தரவு குடுத்துட்டா தாயி" என்றார். என் அட்டிகையை விற்றுப் பணம் கட்டினோம். பவித்ரா கோட்டு மாட்டிய அன்று ராஜி வீட்டு வாசல் வழியாக அவளை இரண்டு தடவை நடக்க வைத்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தைக் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும். அவ்வளவு நல்ல இடம். நூலகம் நம் ஊர்க் கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். பெண் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள், மேடையேறிப் பேசினார்கள். முதல் வாரம் பவித்ரா மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வந்து, "உள்ள செங்கச் செங்கலா அடுக்கி வச்சிருக்கும்மா!" என்று நாலு நாள் அதையே பேசினாள்.

அதற்கப்புறம் பேச்சு குறைந்தது. காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டுகிற நேரம். வகுப்பில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். தமிழில் பேசினால் பெயரை ஒரு நோட்டில் எழுதுவார்கள். எனக்கு அது தெரியும். ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று இருந்தேன். அவளுக்கு நான் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "ஹர்ஷிதாகிட்ட எதையும் கேக்காத. உனக்குத் தெரியலன்னு அவ வீட்டுல போய்ச் சொல்லுவா. ராஜி சிரிப்பா."

ஆவணியில் ஒரு காய்ச்சல் வந்தது, புரட்டாசியில் இரண்டு. மாத்திரை கொடுத்தால் தணியும், திரும்ப வரும். ஐப்பசியில் வாந்தியும் குளிரும் சேர்ந்துகொள்ள, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "பிள்ள தண்ணி குடிக்குதா? பாத்ரூம் போகாம அடக்குதா?" என்று டாக்டர் கேட்டார். நான் நெஞ்சு நிமிர்த்தி, "தினமும் பாட்டில் காலியாத்தான் வருது டாக்டர்" என்றேன். பவித்ரா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலும் தண்ணீரைக் கண்டால் உதட்டை மூடிக்கொண்டாள். கெஞ்சினோம், அதட்டினோம். ஒரு வார்த்தை வரவில்லை. மருந்து ஏறியும் காய்ச்சல் இறங்கவில்லை. "மனசுல எதையோ வச்சிருக்கு. பேச வைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

ஆறாம் நாள் காலை. வராந்தா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனிமேல் யாரிடம் போவேன்? அம்மனைக் கூப்பிடவே பயமாக இருந்தது. அவளை ஏமாற்றியவள் அல்லவா நான்! வேறு கதியில்லாமல் கூப்பிட்டேன். "ஆத்தா, ரெண்டு பொட்டலத்துலயும் அரளிய வச்சது நாந்தான். என்னைய என்ன வேணும்னாலும் செய்யி. எம் பிள்ள வாயத் தெறந்துவிடு. ஊருக்கு முன்னால நின்னு எல்லாத்தையும் சொல்றேன்." முதல் தடவையாக அன்றைக்குத்தான் ராஜியை நினைக்காமல் சாமி கும்பிட்டேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்காது. ராஜியும் ஹர்ஷிதாவும் வந்து நின்றார்கள். நான் வரச் சொல்லவில்லை. அந்த நிலையிலும் ராஜி கட்டியிருந்த புதுச்சேலை என் கண்ணில் பட்டது, பாருங்கள். ஹர்ஷிதா கட்டிலின் ஓரத்தில் நின்று பவித்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, பவி ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டா."

"அடியே, சொல்லாத!" என்று கத்தினாள் என் மகள். ஆறு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

ஹர்ஷிதா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஆனி மாதம் பவித்ரா வகுப்பில் எழுந்து நின்று பாத்ரூம் போகக் கேட்டிருக்கிறாள். ஆங்கிலம் வராமல் தமிழில் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், பெயரும் நோட்டில் ஏறியிருக்கிறது. அன்றோடு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் இருக்க வேண்டும் என்றால் போகாமல் இருக்க வேண்டும், போகாமல் இருக்க வேண்டும் என்றால் குடிக்காமல் இருக்க வேண்டும். பாட்டில் தண்ணீரை வரும் வழியில் பஸ் நிற்கும்போது இறங்கிக் கொட்டிவிடுவாளாம். ஹர்ஷிதா, "நான் சொல்லித் தாரேன்னு எத்தனையோ தடவ சொன்னேன் பெரியம்மா. எங்கிட்ட எதையும் கேக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லிருக்கீகளாம்ல?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைக்கு இருந்த ஒரே துணையை நானே விலக்கி வைத்திருக்கிறேன். ராஜி என்னைத் தாண்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். தம்ளரில் தண்ணீரை ஊற்றி, "குடி பவி, சித்தி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். என் மகள் குடித்தாள். அந்தத் தம்ளர் என் கையில் அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று அப்போதும் எனக்குள் ஒன்று புழுங்கியது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தோம்.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை கோவிலில் பங்காளிகள் எல்லோரும் இருக்கும்போது நான் செய்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியும். அன்னைக்கு நந்தியாவட்டச் செடியில ஒரு பூக்கூடப் பறிக்கல. பாத்துட்டு சும்மாதான் இருந்தேன். என் தம்பி பிள்ள போற எடத்துக்கு எம் பிள்ளையும் போகணும்னு எனக்கும் இருந்துச்சு" என்றார். அவர் தம்பி பக்கத்தில்தான் நின்றார். வந்து அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சரி, இப்போது ஒழுங்காகப் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். வருஷம் திரும்பாமல் இரண்டாம் தடவை கேட்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். நாங்களேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஊர்ப் பள்ளியில் பிள்ளைக்கு வாய் இருந்தது, மைக்ராஸ்கோப்பு இல்லை. அங்கே மைக்ராஸ்கோப்பு இருந்தது, வாய் போயிற்று. எனக்கு அந்தப் பஸ்ஸைப் பார்த்தாலே நடுக்கம். நிறுத்திவிடுவோம் என்றேன். "நான் போறேன். ஆனா ஹர்ஷி கூடத்தான் உக்காருவேன்" என்றாள் பவித்ரா. அதுவரைக்கும் அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தை பிறந்ததும் போனாள். இரண்டாம் நாள் வகுப்பில் எழுந்து, "மிஸ், நான் பாத்ரூம் போகணும்" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறாள். நோட்டை எடுத்தார்கள். "எழுதிக்கங்க மிஸ், நான் போயிட்டு வாரேன்" என்று நடந்திருக்கிறாள். உடனே ஹர்ஷிதா எழுந்து, "மிஸ், எனக்கும் போகணும்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போய்விட்டாள். ஒருநாளும் அந்த நோட்டில் ஏறாத பெயர் அது.

பள்ளியில் கூப்பிட்டார்கள். நானும் ராஜியும் ஒரே வண்டியில் போனோம். நடந்த நோயைச் சொன்னோம். பெரிய மேடம் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு, தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் பிள்ளைகள் எந்தப் பாஷையிலும் கேட்கலாம் என்று அங்கேயே உத்தரவு போட்டார்கள்.

அம்மனை நம்புகிறவர்களே, பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. சாமியிடம் போகும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அசிங்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். அவள் கேட்பாள். என் பொறாமை முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போன வாரம் ஹர்ஷிதா அறிவியலில் முதல் மார்க், எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. "இன்னைக்கும் வந்துருச்சு ஆத்தா" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, ராஜி வீட்டுக்குப் பணியாரம் கொண்டுபோனேன். அங்கே பவித்ரா, நான் வந்ததுகூடத் தெரியாமல், ஹர்ஷிதாவோடு மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.