என் பரிசை வாங்கிய பஸ் டிரைவர்

நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவுக்கு நாங்கள் குடிவந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. ஒருநாள் பாப்பாவை டேகேரில் விட்டுவிட்டு வந்து மெயிலைத் திறந்தால், எனக்குப் பரிசு கிடைத்திருப்பதாகச் செய்தி. ஐரோப்பிய நாடுகள் ஒன்றுசேர்ந்து வாழ்வதைப் பற்றி நல்ல ஆய்வு செய்தவர்களுக்கு அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் தரும் பரிசு.

கல்யாணத்துக்கு முன் ஐரோப்பாவில்தான், வேறொரு எல்லையோர ஊரில், பிஎச்.டி. செய்தேன். ஓர் ஆறு. இந்தக் கரையில் ஒரு நாடு, அந்தக் கரையில் இன்னொன்று, நடுவில் பாலம். ஒரு காலத்தில் துப்பாக்கியோடு காவல் நின்ற அந்தப் பாலத்தை இப்போது ஜனங்கள் ரொட்டி வாங்கக்கூடக் கடந்து போகிறார்கள். அது எப்படிச் சாத்தியமானது என்பதுதான் என் ஆய்வு. அந்த ஊரில் ஒரு வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாள் அந்தப் பாலத்தின் மேல் பல வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். ஆனால் குளிர் நாட்களில் என் அறை வாசலில் சூடாக சூப் வைத்துவிட்டுப் போயிருப்பார்.

விழாவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்ததும் என் கணவர், "நீ போயிட்டு வா, பாப்பாவை நான் மேனேஜ் பண்ணிக்கறேன்" என்றார். டிக்கெட்கூடப் பார்த்துவிட்டோம். விசா விஷயங்களைப் பார்க்கும் வக்கீலிடம் கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. என் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முடிந்திருந்தது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை. வெளியே போனால், திரும்பி வர அமெரிக்கத் தூதரகத்தில் புதிதாக விசா ஸ்டாம்பிங் செய்ய வேண்டும். அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். அத்தனை நாள் குழந்தையை விட்டுவிட்டு எங்கோ மாட்டிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. வர இயலாது என்று, அங்கே என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியருக்கு எழுதினேன். உனக்குப் பதிலாக யாரையாவது வாங்கச் சொல்கிறேன் என்று பதில் போட்டார்.

விழாவன்று காலை, அதற்கென்று எடுத்து வைத்திருந்த புடவையை ஏனோ கட்டிக்கொண்டு, சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து நேரலை பார்த்தேன். என் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டார்கள். பேராசிரியர்தான் எழுவார் என்று நினைத்தேன். எழுந்து மேடைக்கு நடந்தது வீட்டுக்கார அம்மாள்! நடை தளர்ந்திருந்தது. பரிசை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் வந்தார்.

"காலையில் ரயிலேறி எல்லை தாண்டி வந்தேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. இதை எழுதிய பெண்ணால் வர முடியவில்லை. அவள் இருந்த அறையை நான் யாருக்கும் விடவில்லை. எப்போது வந்தாலும் அங்கே தங்கலாம்."

அவ்வளவுதான். இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. எனக்கு அந்தத் திரைக்குள் நுழைந்து அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது.

"அம்மா, ஹூ இஸ் ஷி?" என்று கேட்டாள் பாப்பா.

"நமக்குச் சொந்தக்காரங்கடா" என்றேன்.

பரிசு பிறகு தபாலில் வந்து சேர்ந்தது. கிரீன் கார்டு வரிசையில் இன்னும் காத்திருக்கிறோம். அந்த ஊருக்கு மறுபடி எப்போது போவேன், போகும்போது அவர் இருப்பாரா என்று தெரியாது. ஆனாலும் நான் இல்லாத இடத்தில் எனக்காக ஒருவர் எழுந்து நடந்தார் என்ற நினைப்புதான், ஏக்கம் மேலிடுகிற நாட்களில் என்னைத் தாங்கிப் பிடிக்கிறது.