வடைச் சுருளில் வந்த மூன்று பெயர்கள்

“அந்தத் தாள் இப்ப எங்க இருக்கு, பிள்ளை?”

இராஜேஸ்வரி அன்ரி எங்கள் வீட்டுக் கதவடியில் நின்று இப்படிக் கேட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா எனக்குப் பின்னால் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பைக்குள்தான் நான் அந்தத் தாளைக் கடைசியாகக் கண்டேன்.

இது சென்ற வருடம், 1978இல், சிட்னியில் நடந்தது. ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள செங்கல் மாடிவீட்டில் நாங்கள் கீழே இருக்கிறோம். அன்ரி மேலே தனியாக இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் முடித்து, என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கும் நூலகத்துக்கும் நடந்துகொண்டிருந்த காலம். அதனால் எல்லாம் என் கண்ணில் பட்டன.

அன்ரிக்கு ஊர் மானிப்பாய். கொழும்பில் சுருக்கெழுத்துத் தட்டச்சு வேலை பார்த்தவர், 1973இல் இங்கே வந்தார். சிட்னியில் ஒரு கட்சியின் மாநில அலுவலகத்தில் அதே வேலை கிடைத்தது. எந்தக் கட்சி என்பதை விட்டுவிடுகிறேன். அவருக்கு இருக்கும் ஒரே உறவு தம்பி தேவராஜா. 1977 கலவரத்தில் கொழும்பில் அவருடைய வீட்டை எரித்துவிட்டார்கள். உடுத்த துணியோடு கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தவரை இங்கே கூப்பிட அன்ரி விண்ணப்பம் போட்டிருந்தார். அந்த விண்ணப்பத்தைத் தாங்கி நின்றது அலுவலகம் கொடுத்த ஒரு கடிதம். இவர் எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார் என்ற கடிதம். வேலை போனால் கடிதம் போகும், கடிதம் போனால் தம்பி வரமாட்டார்.

அன்ரியிடம் ஒரு பழக்கம். எழுத்துள்ள தாளை அவர் குப்பையில் போடமாட்டார். கால் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அலுவலகத்தில் பிழையாக அடித்த தாள்களைத் தேயிலைச் சக்கையும் இறைச்சித் துண்டும் கிடக்கிற வாளிக்குள் போட மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பருத்தித்துறை வடை சுட்டால் அந்தத் தாளில் சுருள் செய்து எங்களுக்குத் தருவார். எழுத்தில் எண்ணெய் படக்கூடாது என்று, எழுத்துப் பக்கத்தை வெளியே வைத்துத்தான் சுருட்டுவார்.

அந்த வருடம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துச் செனட் இடம் ஒன்று காலியானது. அதற்கு முந்தின வருடம்தான் சட்டத்தை மாற்றியிருந்தார்கள். காலியாகும் இடத்துக்கு அதே கட்சிக்காரரைத்தான் மாநிலம் நியமிக்க வேண்டும். ஆகவே யார் என்று முடிவெடுப்பது அன்ரி வேலை செய்த கட்சி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வருகிற சிறி அங்கிளுக்கு வேறு பேச்சே இல்லை. மூன்று பேர் முயற்சி செய்வதாக ஊர் முழுக்கக் கதை. ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு வழக்கறிஞர், ஒரு பள்ளி ஆசிரியை.

“தொழிற்சங்கக்காரனுக்குத்தான். எழுதி வையுங்கோ” என்றார் சிறி அங்கிள்.

“உனக்கு ஆர் சொன்னது?” என்றார் அப்பா. “போன கிழமையும் மழை வராதெண்டு நீதான் சொன்னனி. நான் நனைஞ்சு வந்தனான்.”

“மழை வேற, அரசியல் வேற அண்ணை. அவன் வந்தா எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரேலாது. இஞ்ச இருக்கிறவைக்கு முதல் வேலை குடு எண்டு கத்துறவன். லோயர் பறவாயில்லை, குடும்பத்தைக் கூப்பிட விடுவன் எண்டு கூட்டத்தில சொன்னவன்.”

“அப்ப ரீச்சர்?”

“அவ ஒண்டும் சொல்லேல்லை. ஒண்டும் சொல்லாத ஆக்களைத்தான் நான் நம்பமாட்டன்.” அங்கிள் இதைச் சொல்லிவிட்டு, எங்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அன்ரியைப் பார்த்தார். “என்ன தங்கச்சி? பேரெல்லாம் உம்மட கையாலதானே போகுது. ஒண்டைச் சொல்லுமன்.”

“நான் அடிக்கிறனான், வாசிக்கிறேல்லை” என்றார் அன்ரி.

“கேட்டியளோ! சமைக்கிறவ ருசி பாக்கிறேல்லையாம்!”

எல்லோரும் சிரித்தார்கள். அன்ரி போன பிறகு அங்கிள் குரலைத் தாழ்த்தினார். “இவவின்ர வாய்க்கு அவங்கள் என்னவோ பூட்டுப் போட்டிருக்கிறாங்கள். தம்பியின்ர விசா எண்டு நினைக்கிறன்.”

அப்பா மறுக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு அது உண்மையாக இருக்குமோ என்று பட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அன்ரி ஒரு வடைச் சுருள் தந்தார். அப்பா வடையை எடுத்துத் தின்றார். பிறகு சுருளை விரித்தார். விரித்தவர் மெல்லுவதை நிறுத்தினார். மூன்று பெயர்கள், தட்டச்சில். முதலில் ஆசிரியை, பிறகு வழக்கறிஞர், கடைசியில் தொழிற்சங்கத் தலைவர். மேலே ‘நிர்வாகக் குழுவின் பரிசீலனைக்கு’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “மேல போய் ஒண்டும் கதைக்காத” என்றார் என்னிடம்.

புதன்கிழமை காலைப் பேப்பரில் அந்த மூன்று பெயர்களும் வந்துவிட்டன. அதே வரிசையில். ஆசிரியைதான் முன்னுக்கு நிற்கிறார் என்று தலைப்பு.

அந்த வரிசைதான் அன்ரியைப் பிடித்துக் கொடுத்தது. குழுவுக்குப் போன சரியான தாளில் தொழிற்சங்கத் தலைவர்தான் முதலில். அன்ரி முதல் தடவை வரிசையை மாற்றி அடித்துவிட்டு, பிழை என்று கண்டு அந்தத் தாளை உருவி வைத்திருக்கிறார். பிழையான வரிசை உலகத்திலேயே அந்த ஒரு தாளில்தான் இருந்தது. பத்திரிகைக்குப் போனதும் அதுதான் என்று அலுவலகம் உடனே கண்டுபிடித்தது.

மேலாளர் கிளீரி அவரைக் கூப்பிட்டுப் பழுதான தாள் எங்கே என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று அன்ரி சொல்லியிருக்கிறார். எதற்கு? பலகாரம் சுற்ற. கிளீரி நம்பவில்லை. அன்றைக்கே வேலை போய்விட்டது.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்துதான் அன்ரி அந்தக் கேள்வியைக் கேட்டார். அப்பா பேப்பரை விலக்காமலே, “எந்தத் தாள்? வடை சுத்தினதோ? அது அப்பவே எறிஞ்சாச்சு” என்றார்.

“எறிஞ்சனீங்களோ அண்ணை?”

“ஓம். எண்ணெய்த் தாளை வைச்சு என்ன செய்யிறது?”

அன்ரி மேலே ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் சிறி அங்கிள் கதையை முடித்துவிட்டார். தம்பியின் விசாவுக்காக இராஜேஸ்வரி பெயர்களை லோயரின் ஆட்களுக்கு விற்றுவிட்டாள். ஹோம்புஷில் சொன்னார், பிளெமிங்டன் சந்தையில் சொன்னார், எங்கள் குசினியிலும் சொன்னார். அப்பா தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அந்தக் கரண்டிச் சத்தம் எனக்குத் தாங்க முடியவில்லை.

அங்கிள் போன பிறகு கேட்டேன். “அப்பா, நீங்கள் ஆருக்குக் காட்டினனீங்கள்?”

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ரயில் பெட்டி திருத்தும் பட்டறையில் அவருக்கு மேலாக இருந்த றொன் என்பவனுக்கு. “நாங்கள் ஒண்டும் தெரியாத ஆக்கள் எண்டு ஒவ்வொரு நாளும் நக்கலடிக்கிறவன். ஒருக்காக் காட்டுவம் எண்டு காட்டினனான். அவன் பேரை எழுதி எடுத்தவன். பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது.”

“அன்ரிட்டச் சொல்லுங்கோவன்.”

“வாயை மூடு. என்ர வேலையும் போகும்.”

மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு தேடினேன். எண்ணெய்த் தாளை எறிந்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. எழுத்துள்ள தாளைக் குப்பையில் போடும் வழக்கம் எங்கள் வீட்டிலும் கிடையாது. அலுமாரிக்கு மேலே, பழைய பேப்பர்க் கட்டின் அடியில், நாலாக மடித்தபடியே கிடந்தது. எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்ரி அழவும் இல்லை, என்னைத் தடவிக் கொடுக்கவும் இல்லை. “வெளிக்கிடு. நீயும் வா. உன்ர வாயால சொல்லு” என்றார்.

ரயிலில் நகரத்துக்குப் போனோம். கிளீரியிடம் நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பாவின் பெயரையும் சொன்னேன். அவர் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எண்ணெய் வட்டங்களைப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“நான் நம்புகிறேன். ஆனால் குழுவுக்கு என் மூக்கு போதாது” என்றார்.

அன்ரியின் மேசையில் அதற்குள் வேறொரு பெண் இருந்தார். அன்ரி நாலரை வருடம் நேர்மையாக வேலை செய்தார் என்று ஒரு கடிதம் மட்டும் கிளீரி எழுதிக் கொடுத்தார். குடிவரவு அலுவலகத்தில் அதை வாங்கிப் படித்துவிட்டு, இப்போது எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

செனட் இடம் அந்த மூவரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. யாரும் பேசியிராத நாலாவது ஆள் ஒருவர் போனார். அந்தப் பட்டியலை உண்மையாகத்தான் போட்டார்களா, அல்லது மற்றவர்கள் பார்த்துச் சண்டை பிடிக்கட்டும் என்று போட்டார்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. அன்ரியிடம் கேட்டேன். “நான் அடிச்சனான், வாசிக்கேல்லை” என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அவர் லிட்கம் பக்கம் ஒரு பொதி கட்டும் இடத்தில் வேலை செய்கிறார். அங்கே கொஞ்சக் காலம் நிலைத்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேவராஜா யாழ்ப்பாணத்தில் காத்திருக்கிறார். அப்பா என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. அவருடைய வேலை போகவில்லை. அன்ரி இப்போதும் வடை சுடுகிறார், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைக்கிறார். எங்களுக்குத் தருவதில்லை.

ஆனால் சிறி அங்கிளின் கதை இன்னும் நடமாடுகிறது. போன மாதம் மெல்பேர்னிலிருந்து வந்த ஒருவர், “தம்பிக்காகப் பேரை வித்த பொம்பிளை இஞ்சதானே இருக்கிறா?” என்று என்னிடமே கேட்டார். அது ஒரு பேப்பரிலும் வரவில்லை. வாயிலிருந்து வாய்க்குத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. ஆகவே இதை வாசிக்கிறவர்கள் இதையும் வாயால் சொல்லுங்கள். அந்தக் கதையை உங்களுக்குச் சொன்ன ஆளிடமே முதலில் போய்ச் சொல்லுங்கள். இராஜேஸ்வரி பெயர்களை விற்கவில்லை. தாளைக் காட்டியது ஆனந்தராஜா. நான் அவருடைய மகள்.